ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்பது குழி

என் ஓரகத்தியின் மேல் எனக்குப் பொறாமை. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. என் கணவரின் தம்பி மனைவி அவள். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். திருப்பூர் மண்ணரையில் எங்களுக்கு ஒரே வீடு, கீழே நாங்கள், மாடியில் அவர்கள், அடுப்பு மட்டும் ஒன்று. வீட்டு ஆட்களே நடத்துகிற பனியன் கம்பெனியும் ஒன்றுதான், பக்கத்து நெருப்பெரிச்சலில். அங்கே அவள் முன்பக்கக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் போடுவாள். நான் பின்பக்கம் செக்கிங் டேபிளில் நின்று தைத்து வந்த பீஸில் குறை பார்ப்பேன். அவளுக்கு ஏசி, எனக்கு அயர்ன் டேபிள் ஆவி.

அவள் வரும்வரை நான் அந்த வீட்டுக்கு வெறும் மருமகள். அவள் வந்த அன்றைக்கே பெரிய மருமகள் ஆகிவிட்டேன். பெரிய என்ற சொல்லில் மரியாதை இருக்கிறது என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் வயதுதான் தெரியும். அவள் வைக்கும் ரசத்துக்கு வீட்டில் தனியாக ஒரு பேச்சு. அவள் கட்டினால் ஐந்நூறு ரூபாய்ப் புடவைகூடக் கல்யாணத்துக்குப் போகும். என் மகளே கணக்கில் சந்தேகம் என்றால் என்னைத் தாண்டிப் படியேறி மேலே போவாள். நல்லவளாக இல்லாமல் போயிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.

எங்கள் கம்பெனியில் பாதி ஆர்டர் கோல்ஃப் டி-ஷர்ட். காலர் வைத்து, மூன்று பட்டன் வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இடுப்புத் தெரியாத அளவுக்கு நீளம் விட்டுத் தைக்கச் சொல்வார்கள். எத்தனையோ வருஷமாக அந்த நீளத்தை டேப் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதற்காகக் கையைத் தூக்குகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பணக்காரர்கள் எதையோ பார்த்துக் கையாட்டுகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் சுகர் எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கள் தெருவில் நடப்பது என்றால் கம்பெனி வேனுக்கும் நாய்க்கும் நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெருப்பெரிச்சல் தாண்டி, ஆள் இல்லாத ரோடாகப் பார்த்துப் போனேன். ஒரு வேலி ஓரத்தில் போர்டு இருந்தது. கோல்ஃப், யார் வேண்டுமானாலும் வரலாம், புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஏற்றது, ஸ்டிக் வாடகைக்கு உண்டு. மூடிப்போன ஒரு சாயப்பட்டறையின் இடம் அது. வாங்கியவர் வீடு கட்டாமல் புல்லை வளர்த்து ஒன்பது குழி வெட்டியிருந்தார். நாம் தைக்கிற சட்டைக்குள் என்னதான் நடக்கிறது, பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினேன்.

கவுண்டரில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கம். டெய்லராக வந்து, கண் மங்கியதும் இந்த வேலைக்கு மாறியவர். "வாங்கம்மா, ஆடுதியளா, சும்மா பாக்க வந்தியளா?" என்றார். ஆடுகிறேன் என்று என் வாய்தான் சொன்னது, நான் சொல்லவில்லை.

சின்ன இடம். டிவியில் காட்டுவதுபோலக் கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளியெல்லாம் கிடையாது. எங்கள் கட்டிங் ஹாலை இரண்டு தடவை நீட்டிப் போட்டால் பல குழிகளின் தூரம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு கொடி, அதன் அடியில் ஒரு குழி, அதற்குள் பந்து போக வேண்டும். எத்தனை அடியில் போகிறதோ அத்தனை கணக்கு, குறைந்தால் நல்லது. அன்றைக்கு நான் முதலில் அடித்தது மண்ணை. அடுத்து அடித்தது காற்றை. அப்புறம் ஒரு அடி பட்டது. பட்டென்று ஒரு சத்தம், உள்ளங்கையில் கூச்சம் மாதிரி ஒன்று ஏறியது, பந்து போய்க்கொண்டே இருந்தது. என்னைச் சுற்றி யாரும் இல்லை. அம்மா என்று கூப்பிட மகள் இல்லை, மேடம் ஆல்டர் பீஸ் எங்கே வைக்கட்டும் என்று கேட்க ஆள் இல்லை. முக்கியமாக, என்னைவிட நன்றாக அதைச் செய்ய அவள் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். லேபிள் வெட்டி ஒதுக்கிய கோல்ஃப் டி-ஷர்ட் ஒன்றைச் சுடிதார் பேண்ட்டுக்கு மேல் போட்டுக்கொள்வேன். கையைத் தூக்கினால் உண்மையிலேயே இடுப்புத் தெரியவில்லை. வீட்டில் வாக்கிங் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். பொய் இல்லை, நடக்கவும்தான் செய்தேன்.

பந்தைத் தூக்கி அடிப்பது எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மெல்ல உருட்டித் தள்ளுவது எனக்குக் கைவந்துவிட்டது. காலரில் ஒரு பக்கம் அரை நூல் இறங்கியிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே லேசாகப் பள்ளம் என்பதெல்லாம் தானாகத் தெரிந்தது. "யம்மா, நீங்க உருட்டுத அழகே தனி," என்று கவுண்டர்க்காரர் ஒரு நாள் சொன்னார். என் வாயெல்லாம் பல். அந்த ஒரு வார்த்தையை வாரம் பூராவும் வைத்துத் தின்றேன்.

அதைக் கெடுத்தது என் ஷூ. அடியில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "எங்கீங்க்கா போறீங்க? நம்ம பக்கத்துல இத்தன பச்சைப் புல்லு எங்கீங்க இருக்குது?" பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கொமரலிங்கத்துப் பெண். அமராவதி ஆற்றங்கரையில் அண்ணன்களோடு கில்லி அடித்து வளர்ந்தவள். நான் மண்ணரையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் சந்தில் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். அங்கே கில்லி அடித்தால் யாராவது ஒருவர் வீட்டு ஜன்னலுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் நான் பிற்பாடு எனக்குச் சமாதானமாகச் சொல்லிக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஸ்டிக்கை வாங்கினாள், ஒரு தடவை வெறுமனே வீசிப் பார்த்தாள், அடித்தாள், பந்து மேலே ஏறி, நின்று, கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான்.

"யம்மா, இவுக இதுக்கு முன்னாடி ஆடியிருக்காவளா?" என்று கவுண்டர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்துக் குழியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கை தட்டியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "தெரியாம பட்டுருச்சுங்க," என்றாள். தெரியாமல் பட்டதாம். எனக்கு அப்படியே காதில் புகை வந்தது. தெரிந்தே எத்தனை ஞாயிறு மண்ணைக் கொத்தியிருக்கிறேன்.

அதற்கப்புறம் அவள் விடாமல் வந்தாள். அவளுடைய அடியில் குறை கண்டுபிடிப்பதே எனக்கு ஆட்டமாகிவிட்டது. இடது முழங்கை மடங்குகிறது, கால் கொஞ்சம் அகலம், அடித்து முடித்ததும் தாவணி போட்ட பெண் மாதிரி தோளைத் திருப்பிக்கொள்கிறாள் என்று மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். எங்கள் டேபிளில் அத்தனை ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் நேராக டேமேஜ் கூடைக்குத்தான் போகும். அவள் பந்து நேராகக் கொடிக்குப் போனது.

வீட்டில் புகைய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெரிய வேலை. ஆண்கள் காலையிலேயே போய்க் கறி எடுத்துக்கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். அதோடு அவர்கள் வேலை தீர்ந்தது. குடல் கழுவுவதில் இருந்து இட்லி ஊற்றுவது வரை எங்கள் தலையில். நாங்கள் இரண்டு பேரும் இல்லாத ஒரு ஞாயிறு மதியம்வரை பையிலேயே கறி கிடந்ததாம். அத்தை, அதாவது எங்கள் மாமியார், எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கத்துகிற ஆள் இல்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

"போக வேண்டாம்னு நான் சொல்லுல கண்ணு. ரெண்டு பேருமே கெளம்பிட்டா ஊடு என்னாகறது? ஒருத்தி போங்க, ஒருத்தி இருங்க. யாருன்னு நீங்களே பேசிக்கோங்க."

வெளியே வந்ததும் அவள், "வாரம் விட்டு வாரம் போலாங்களாக்கா?" என்றாள். நியாயமான பேச்சு. யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பாதி, கம்பெனியில் பாதி, அடுப்பில் பாதி, கடைசியில் என் மகளிலும் பாதி. நானாகத் தேடிக் கண்டுபிடித்தது என்று சொல்ல எனக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான். அதையும் கத்தரி வைத்து இரண்டாக வெட்டச் சொல்கிறாள்.

"எனக்குப் பாதி வேண்டாம் கண்ணு," என்றேன். "ஒண்ணு முழுசா நானு, இல்லீனா முழுசா நீ."

அவள் முகம் சுண்டிப்போய் அன்றைக்குத்தான் பார்த்தேன். "அப்ப ஆடிப் பாத்தரலாங்க்கா. செயிச்சவங்க வெச்சுக்கட்டும்," என்றாள்.

இப்படியாக, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற வீட்டு மருமகள்கள் இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்பது குழி ஆடுவது என்று முடிவாயிற்று. தோற்றவள் அடுப்படி. ஜெயித்தவள் புல். அந்த ஒரு நாளைக்கு மட்டும் அத்தையிடம் அனுமதி வாங்கினோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்கும்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்பெனியில் என் டேபிளுக்கு வந்தாள். பையர் ஒருவர் ஷோரூமுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போன பந்துப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். வாடகைப் பந்து ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும், இவை புத்தம் புதிய வெள்ளைப் பந்துகள். "நாளைக்கு இதுலயே ஆடிக்கலாங்க்கா. அடையாளம் மட்டும் போட்டுக்கலாம்," என்றாள். பட்டன் வைக்க இடம் குறிக்கிற நீலப் பேனா என் முன்னாலேயே கிடந்தது. எடுத்து என் பந்தில் பெருக்கல் குறி போட்டேன், பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸுக்குப் போடுவேனே, அதே மாதிரி. பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள். இரண்டு பந்தும் ஒரே மாதிரி இருந்ததால் அந்தக் குறி ஒன்றுதான் வித்தியாசம்.

மார்கழி மாதம். வேலிக் கம்பியில் எல்லாம் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் வந்திருக்கவில்லை. குழிக்குக் குழி யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அவர்களுக்கு என்று வைத்துக்கொண்டோம்.

முதல் குழி அவளுக்கு. இரண்டாவதும் அவளுக்கு. இரண்டிலும் அவள் பந்து பறந்து போய் இறங்கியது. என்னுடையது கோழி மாதிரி தரையோடு தத்தித் தத்திப் போனது. மூன்றாவதில் அவள் மணல் குழிக்குள் மாட்டிக்கொண்டாள். மணல் பறந்ததே தவிர பந்து வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பனியைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கப்புறம் கொடியிடம் வந்துவிட்டால் என் கைதான் ஓங்கியது. அவள் தூரத்தில் சம்பாதித்ததை நான் பக்கத்தில் பிடுங்கினேன். ஒரு குழியில் வளைந்து வளைந்து உருண்ட என் பந்து கடைசி நேரத்தில் உள்ளே விழுந்தபோது அவள் கீழ் உதட்டைக் கடித்தாள். அப்பாடா என்று இருந்தது, அவளுக்கும் கடிக்க உதடு இருக்கிறது.

எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம்.

ஒன்பதாவதுதான் தொட்டிக் குழி. பழைய பட்டறையின் தண்ணீர்த் தொட்டியை இடிக்காமல் விட்டு அதில் அல்லி வளர்த்திருந்தார்கள். இந்தப் பக்கம் நின்று அடித்தால் தொட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் விழ வேண்டும். தொட்டியை ஒட்டி ஓரமாக ஒரு புல்பாதையும் உண்டு. சூரியன் அப்போதுதான் நேர் எதிரே எழும்பிக்கொண்டிருந்தது. பனியும் வெயிலும் சேர்ந்து கண்ணைத் திறக்கவே விடவில்லை. நான் அடித்தேன். நல்ல சத்தம் கேட்டது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவள் அடித்தாள். அதுவும் நல்ல சத்தம். தண்ணீரில் எதுவும் விழவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம்.

கொடிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பந்து. ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே போய்விடும். இன்னொன்று பின்னால் வெகுதூரம் தள்ளி, காட்டுப் புல்லுக்குள். கொடி ஓரத்தில் கிடந்ததைக் குனிந்து பார்த்தேன். குறி இல்லை. திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. ஓடிப்போய்ப் புல்லுக்குள் கிடந்ததைப் பார்த்தேன். அதிலும் இல்லை. இரண்டும் பெட்டியில் இருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் பட்டால் போய்விடுகிற மை அது. துணியில் குறி நிற்கக் கூடாது என்பதற்காகவே வாங்குகிற பேனா. அதை டேபிளுக்கு டேபிள் எண்ணிக் கொடுக்கிறவளே நான். பனிப்புல்லில் எட்டுக் குழி உருட்டியாயிற்று, முதல் குழியிலேயே குறி போயிருக்கும். யாருடையது எங்கே விழுகிறது என்று அதுவரை கண்ணால் பார்த்தே ஆடியதால், பந்தைத் திருப்பிப் பார்க்கவே இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "கிட்ட இருக்கறது உங்களுதுங்க்கா. எடுத்துக்கோங்க."

பந்து போய் விழுந்ததை அவள் பார்த்திருக்க வழியே இல்லை. எனக்குத் தெரியாதது அவளுக்கும் தெரியாது. ஆனாலும் தூக்கிக் கொடுக்கிறாள். நான் அதை வாங்கிக்கொண்டால் காலத்துக்கும் அது அவள் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வாரமும் ஸ்டிக்கைத் தொடும்போதெல்லாம் நன்றி சொல்ல வேண்டும். அவளுடைய கெட்ட குணம் எதையாவது தாங்கிக்கொள்வேன், இந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியாது.

"நீ குடுத்து எனக்கு வேண்டாம் கண்ணு," என்று சொல்லிவிட்டுக் கவுண்டர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு பந்தையும் மாறி மாறிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், கோயம்புத்தூரில் இருந்து வரும் கோச்சுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"யாருதுன்னு உங்க ரெண்டு வேருக்குமே சொல்லத் தெரியலன்னா, ரெண்டும் தொலஞ்ச பந்துதானாம். கண்ணு முன்னால கெடந்தாலும் கணக்கு அப்படித்தானாம். திரும்பப் போயி மொதல்லேருந்து அடிக்கணும்னு சொல்லுதாரு."

திரும்பத் தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்தோம். வாடகைப் பந்து கொடுத்தார், எனக்கு மஞ்சள், அவளுக்குச் சிவப்பு. நான் அடித்தது பாதியிலேயே இறங்கி, பாதையில் பட்டு, தொட்டி ஓரமாகவே உருண்டுபோய் எப்படியோ அந்தப் பக்கம் சேர்ந்தது. பார்க்கச் சகிக்காத அடி. அவள் அடித்தாள். சிவப்புப் பந்து அழகாக மேலே எழும்பி, அழகாக இறங்கி, நட்ட நடுத் தொட்டியில் விழுந்தது. அல்லி இலைகள் ஆடி நின்றன.

தண்ணீரில் போனால் ஓர் அடி அபராதம், அதை அவள் ஈடுகட்டுவதற்குள் நான் உருட்டி முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது. வண்டியில் திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. பந்தைத் தூக்கி அடிப்பதில் அவ்வளவு தேர்ந்த கை தொட்டியில் மட்டும் எப்படித் தப்பியது? வேண்டுமென்றே விட்டாளா?

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். பழைய அமைதி அப்படியே இருந்தது. மண்ணைக் கொத்தினேன். யாரும் பார்க்கவில்லை. நன்றாக ஒன்று அடித்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம் உருட்டுவதும் போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குழியைச் சுற்றிச் சுற்றிப் பந்து வந்தது. எதிரே ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்காமல் என் கண்ணுக்குப் புல்லின் சாய்வு தெரியவில்லை. "இன்னிக்கு அந்த எக்கா வரலியோ?" என்று கவுண்டர்க்காரர் ஒவ்வொரு வாரமும் கேட்டார். வீட்டில் வேலை என்று ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.

அதைவிட மோசம் வீட்டுக்குத் திரும்புவது. ஒரு ஞாயிறு ஸ்கூட்டியை நிறுத்தும்போதே குடல் குழம்பு வாசம் தெருவரை வந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. அத்தை நாற்காலியைச் சமையலறை வாசலிலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளும் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடுவில் என் மகள் தோசைக் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து நிற்க, ஓரகத்தி பின்னால் இருந்து இரண்டு கையையும் பிடித்து, "முழங்கை மடங்கக் கூடாது சாமி, தோளோட திருப்போணும்," என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தரையில் பந்துக்குப் பதில் ஒரு சின்ன வெங்காயம்.

மகள் என்னைப் பார்த்ததும், "அம்மா, சித்திக்குத் தெரியுமாம், நீ ஏம்மா எனக்குச் சொல்லியே தரல?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஆட்டத்தை, என் மகளுக்கு, என் வீட்டில் வைத்து அவள் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஜெயித்து வாங்கிய ஞாயிற்றுக்கிழமையைவிட அவளுக்கு மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமை பெரிதாக இருந்தது. ஷூவைக் கழற்றாமலே மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

துணி எடுக்க அவள் வந்தபோது கேட்டுவிட்டேன். "அன்னைக்குத் தொட்டியில வேணும்னே விட்டியா கண்ணு?"

கையில் இருந்த துணியைக் கொடியிலேயே திரும்பப் போட்டாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் எதுக்குங்க்கா வேணும்னு விடறேன்? கை நடுங்கிப் போச்சுங்க எனக்கு. தோத்துட்டு வந்து ரெண்டு நாளா சோறே எறங்குல. நீங்க பாத்தீங்களா? எனக்கும் அந்தக் காலைநேரம் வேணுமுங்க." மூச்சு வாங்கினாள். "நீங்க மொதமொதல்ல யாரையும் ஒரு வார்த்த கேக்காம ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போனீங்க பாருங்க, இதே எடத்துல நின்னு பாத்துட்டு இருந்தனுங்க. எனக்கு அப்படி ஒரு தைரியமே வந்ததில்லீங்க. வயிறு எரிஞ்சுதுங்க்கா."

அவளுக்கு, என்னைப் பார்த்து. நான் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த நகைநட்டு எதுவும் அந்த ஒரு வார்த்தை மாதிரி என்னைக் குளிரவைத்ததில்லை. ஆறுதலாக அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது ஒன்றுதான், அதையே கேட்டேன். "ரொம்ப எரிஞ்சுதா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாங்க்கா," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன், "நாளைக்குக் கறி எடுத்துட்டு வர்றவங்களே அடுப்புலயும் வெச்சுருங்க. நாங்க ரெண்டு பேரும் போறோம்." கொழுந்தனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அத்தைதான் முதலில் பேசினார். "எம்பசங்க வெச்சா அதை ஆரு கண்ணு திங்கறது?" அப்புறம் அவரே, "செரி, போயிட்டு வாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து சொல்றேன்," என்றார்.

மறுநாளும் பனி. எங்கள் இரண்டு பந்திலும் அட்டைப்பெட்டிக்கு நம்பர் போடுகிற கறுப்பு மார்க்கரால் நானே குறி போட்டிருந்தேன், சுரண்டினாலும் போகாது. கவுண்டர்க்காரர் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இரண்டு ஸ்டிக்கை எடுத்து வைத்தார். முதல் குழியில், "நீ மொதல்ல அடி," என்றேன்.

அவள் ஒரு தடவை வெறுமனே வீசினாள். முழங்கை லேசாக மடங்குகிறதுதான், இன்னும் மடங்குகிறது. அடித்தாள். பந்து மேலே ஏறி, நின்று, கொடியின் காலடியில் போய் உட்கார்ந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்து, நாக்கைக் கடிக்காமல், தெரியாமல் பட்டது என்று சொல்லாமல், சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தது. என் பந்தை எடுத்து வைத்தேன்.